ஓடுற கலர்

எம்.சி. ரோட்டில் மூன்றாவது மாடி,
சில்க் காட்டன் பிரிவு.
லிஃப்ட் நினைத்தால் வேலை செய்யும்.
ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பார்கள்:
"இப்ப எது நல்லா ஓடுது?"
உங்களுக்கு எது பிடிக்கும் என்று
புதிதில் நான் திருப்பிக் கேட்டதுண்டு.
சம்பளம் எவ்வளவு என்று கேட்டுவிட்டதுபோல்
ஒரு பார்வை வரும்.
விட்டுவிட்டேன்.

ஆடி முதல் வாரம்
தணிகாசலம் சார் ஒரு மூட்டையை
என் பக்கம் காலால் தள்ளினார்.
நாற்பத்தெட்டு புடவை. எல்லாம் துரு நிறம்.
ராயபுரம் பாலத்தடியில்
வருஷக்கணக்காய் நிற்கும் லாரியின் நிறம்.
போன தீபாவளிக்கு வந்தது, ஒன்றுகூடப் போகவில்லை.
"இந்த மாசத்துக்குள்ள தள்ளி விட்டுடு."

அன்றைக்கு முதல் ஆள்
தண்டையார்பேட்டை டீச்சர் ஒருவர்.
கை விரித்தது, வாய் சொன்னது:
"இதாங்க எல்லாரும் கேக்கறது.
காலையில இருந்து இது ஆறாவது பீஸ்."
அது முதல் பீஸ்.
டீச்சரின் கண்ணில்
துரு மெல்ல மெல்லப் பொன்னானது.
பக்கத்து ஸ்டூல்காரம்மா கழுத்தை நீட்டினார்:
"அதுலயே எனக்கும் ஒண்ணு போடும்மா."
மதியச் சாப்பாட்டுக்குள்
ஆறு உண்மையாகிவிட்டது.
பொய்க்கு ஆயுள் நான்கு மணி நேரம்.

மூன்றாம் வாரம்
விம்கோ நகர் மெட்ரோவில்
முதல் துருவைப் பார்த்தேன்.
லாரிதான், சந்தேகமே இல்லை.
இரண்டாவது, தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் ஏறியது.
சாயங்கால வெயில் பட்ட லாரி.
நான்காவது புடவை என் எதிரில் வந்து
கம்பியைப் பிடித்து நின்றபோது
லாரியை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

ஆவணியில் புதுச் சரக்கு வந்தது,
நூறு ரூபாய் கூடுதலாக.
சம்பளத்தில் இரண்டு தவணை பிடிக்கச் சொல்லி
ஒன்று எடுத்தேன்.
கண்ணாடி முன் ஜரினா
முந்தானையை இழுத்துச் சரிசெய்து,
"உனக்குன்னே நெஞ்ச மாதிரி இருக்குடி" என்றாள்.
"எனக்கு இந்தக் கலர் முதல்லேர்ந்தே பிடிக்கும்."
நான்தான் சொன்னேன்.
விற்கும்போது சொல்கிற பொய்க்கு
நாக்கில் ஒரு சின்ன வழுக்கல் இருக்கும்.
இதற்கு அது இல்லை.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும்.
கீழ்த்தட்டில், சுவரோரமாக, ஒற்றைப் பீஸ்.
மழை நின்ற பிறகு தார் ரோடு இருக்குமே, அந்தக் கறுப்பு.
ஆட்டோ மஞ்சளில் நூல் மாதிரி ஒரு பார்டர்.
இரண்டு வருஷமாக யாரும் தொடவில்லை.
ஸ்டாக் எடுக்கும் இரவுகளில்
நான் மட்டும் அதை மடியில் விரித்துவைத்து
திரும்ப மடிப்பேன்.
கடைசியாக எப்போது மடித்தேன்?

புரட்டாசி, சனிக்கிழமை, கூட்டம்.
முழங்கையில் ஹெல்மெட் மாட்டிய ஒருத்தி
எதுவும் கேட்கவில்லை.
குனிந்து, தானே உருவினாள் அதை.
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள்.
"பில் போடுங்க."

"அது ஓடாதுங்க" என்றேன்.
யாரும் சொல்லச் சொல்லவில்லை.
"துருவுல புதுசு வந்திருக்கு, எடுத்துக் காட்டட்டா?"

என் புடவையை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.
சிரிப்பில் கேலி இல்லை.
"ஓடலன்னா என்னக்கா?
நான் கட்டிக்கிட்டு நடக்கத்தானே போறேன்."

கீழ்த்தட்டில் அந்த அகலத்துக்கு
தூசி இல்லாத ஒரு செவ்வகம்.
ஜன்னல் வழியாக அவளைத் தேடினேன்.
ஏழு துரு எண்ணினேன், அவள் அகப்படவில்லை.
மழை அப்போதுதான் விட்டிருந்தது.
ரோடு முழுக்க அதே கறுப்பு,
ஓரத்தில் வரிசையாக ஆட்டோக்கள்.
இத்தனை நாளும்
அதை மிதித்துத்தான் வேலைக்கு வந்திருக்கிறேன்.